தண்ணி வர வேண்டிய இடம்

எங்கள் குடும்பத்தில் யாரும் தண்ணி தொட்டதில்லை. இதைத் தொலைக்காட்சி நிலையத்தாரிடம் நான் தொலைபேசியில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அழைத்தவர் ஒரு செய்தியாளர். குரலில் நல்ல பணிவும் அதைவிட நல்ல அவசரமும் இருந்தன.

“சார், உங்க தம்பியைப் பத்தி ஒரு கதை பண்றோம். குடும்பத்துக்கு நீங்கதான் பெரியவர்னு சொன்னாங்க. ஒரே ஒரு கேள்வி. தம்பிக்குச் சுலபமா தண்ணி வருமா?”

“தம்பி குடிநீர் வாரியத்துல இருக்கான். தண்ணி காலையில அஞ்சரைக்கு விடுவாங்க.”

“அது இல்ல சார். அவருக்கு வருமான்னு கேட்டேன். இல்ல, நீங்க பக்கத்துல உட்கார்ந்து கொஞ்சம் ஊத்தி விடணுமா?”

நான் எழுந்து நின்றேன். தொலைபேசியில் கோபப்படுவதானாலும் நின்றுகொண்டுதான் கோபப்படுவேன். எங்கள் தாத்தா, தகப்பனார், நான் என மூன்று தலைமுறையின் ஒழுக்கத்தை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தங்கள் அலுவலகத்தில் தண்ணி என்றால் கண்ணீர் என்று விளக்கினார்.

“தண்ணி இல்லாத கதையை எங்க தலைவர் பாஸ் பண்ண மாட்டார் சார். அதான் முன்கூட்டியே கேட்டு வச்சுக்கிறோம்.”

என் தம்பியின் வேலை தரையைக் கேட்பது. சாலைக்கு அடியில் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. ஆளுயர இரும்புக் கம்பி ஒன்று, அதன் தலையில் கிண்ணம் போல ஒரு மரக்குமிழ். கம்பியின் நுனியைத் தரையில் ஊன்றி, குமிழில் காதை வைப்பான். கசிவு இருந்தால் அடியில் சீறும். அந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவான். பிறகு ஆட்கள் வந்து தோண்டுவார்கள், உடைப்பு அங்கே இருக்கும். இருபத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறான். நான் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. நில அளவைத் துறையில் தலைமை அளவையராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி தெருவில் கம்பியோடு குனிந்து நிற்பதை உறவினர்களிடம் ‘வாரியத்தில் ஆய்வுப் பணி’ என்று சொல்லிவந்தேன்.

தொலைக்காட்சி என்றதும் தம்பி, “வேண்டாம்ணே, கூச்சமா இருக்கு” என்றான்.

“நாலு பேர் பார்த்தா குடும்பத்துக்குப் பெருமைடா. சட்டையை இஸ்திரி போட்டு வை” என்றேன். அதோடு அவன் பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டில் அவன் பேச்சு எப்போதும் அவ்வளவுதான்.

படப்பிடிப்புக்கு முன் என்னை நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். உணர்வுக் கதைப் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. பிரிவுத் தலைவர் மேசைக்குப் பின்னால் சுவரில் பெரிய எழுத்தில் ஏழு சொற்கள்: கை, கால், ஜன்னல், பெருமூச்சு, புறா, தண்ணி, சூரியன்.

“ஒரு கதை உருப்படுமா உருப்படாதான்னு ஊரெல்லாம் மண்டையை உடைச்சுக்கிறாங்க சார்” என்றார் தலைவர். “நாங்க அதை ஏழா சுருக்கிட்டோம். ஏழும் இருந்தா நல்ல கதை. ஆறு இருந்தா சுமார். நாலுக்குக் கீழ போனா அது வெறும் செய்தி, கீழ்மாடிக்கு அனுப்பிடுவோம்.”

“தம்பி என்ன செய்யறான்ங்கறது எதுல வரும்?” என்று கேட்டேன்.

“கையில வரும்.”

“அவன் பேசறது?”

“ஆள் பேசினா சிக்கல் சார். எங்க ஆரம்பிப்பான், எங்க நிறுத்துவான்னு யாருக்குத் தெரியும்? அதனால நாங்களே பேசிடுவோம். அவர் அந்த நேரம் நடப்பார்.”

“அவன் வேலையே சத்தம் கேட்கறது. அந்தச் சத்தம்?”

தலைவர் என்னைப் பரிவோடு பார்த்தார். “சத்தத்தை எல்லாம் கழுவி எடுத்துட்டு வயலின் போட்டுடுவோம். பயப்படாதீங்க.”

எனக்கும் அது கௌரவமாகத்தான் பட்டது. பின்னணியில் நான் அளவைத் துறையில் பதக்கம் வாங்கும் புகைப்படம் தெரிய வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். ஜன்னல் பகுதியில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

குறித்த நாளில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தெருவுக்குப் போனேன். செய்தியாளர் இன்னும் வரவில்லை. கேமராக்காரப் பெண் மட்டும் முன்பே வந்து ஓரமாக நின்று தம்பியைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நான் தம்பிக்குப் பக்கத்தில் போய் நின்று, கழுத்துப் பட்டனைப் போடும்படியும் கூன் போடாமல் நிற்கும்படியும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் பதில் சொல்லவில்லை. அவன் எனக்குப் பதில் சொல்வது குறைவு. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

ஆறு மணிக்குச் செய்தியாளர் ஒரு தண்ணீர் லாரியோடு வந்து இறங்கினார்.

“கசிவு எங்க சார்?”

தம்பி சாக்கட்டி வட்டத்தைக் காட்டினான். “கீழ இருக்கு. மூணடி ஆழத்துல.”

“கீழ இருந்தா எப்படி எடுக்கறது? பார்க்கறவங்களுக்கு ஈரம் தெரியணுமே.” லாரிக்காரருக்குக் கை காட்டினார். சாலையில் தண்ணீர் கொட்டியது. தம்பி பதறிப்போனான்.

“ஐயா, இதை வீணாக்கக் கூடாதுன்னுதானே நான் தெருத்தெருவா அலையறேன்!”

“உங்களை மரியாதைப்படுத்தத்தான் சார் கொட்டறோம்” என்றார் செய்தியாளர்.

பிறகு ஏழும் வரிசையாக நடந்தன. தம்பியின் கை சுத்தமாக இருந்ததால் சேறு பூசினார்கள். ஒரே தெருவில் பதினோரு தடவை நடக்க விட்டார்கள். ஏழாவது தடவைக்கு மேல் அவன் நடை இயல்பாக இல்லை என்று கண்டித்தார்கள். அவன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஆகையால் என் வீட்டு ஜன்னலை அவனுடையதாக்கினார்கள். பெருமூச்சு அவனுக்கு வரவில்லை. ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பினார்கள், எனக்கு முதல் முயற்சியிலேயே வந்தது. புறாவைக் கூடையில் கொண்டுவந்திருந்தார்கள். திறந்ததும் அது ஏழில் ஒன்று என்ற பொறுப்பே இல்லாமல் பறந்து போய்விட்டது. இதற்கிடையில் உண்மையான கசிவைத் தோண்ட வந்த ஆட்களைப் படத்தில் விழுகிறார்கள் என்று ஓரமாக நிற்க வைத்தார்கள்.

கடைசியாகச் சூரியன்.

“சார், கம்பியை இடது காதுல வைங்க. வெளிச்சம் அந்தப் பக்கம்தான் விழுது.”

தம்பி கம்பியை இடது பக்கம் கொண்டுபோனான். பிறகு நிறுத்தினான். வேலையில் பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

“அந்தக் காது கேக்காதுங்க.”

செய்தியாளர் அப்படியே நின்றார். “கேக்காதா?”

“சின்ன வயசுல இருந்து.”

“கேக்கறதே வேலை, ஆனா ஒரு காது கேக்காது!” அவர் கைபேசியை எடுத்துத் தலைவரை அழைத்தார். “சார், புறா போனா போகட்டும் சார், காது கிடைச்சிருச்சு!” பிறகு தம்பியிடம் திரும்பி, “எப்படிப் போச்சு சார்?” என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. பெரியவர் இருக்கும்போது தான் பதில் சொல்லலாமா என்று கேட்கிற பார்வை.

“காய்ச்சல்” என்றேன் நான்.

அது காய்ச்சல் இல்லை.

தம்பிக்கு அப்போது ஒன்பது வயது, எனக்குப் பத்தொன்பது. அப்பாவைத் தேடி இரண்டு பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று நான் சொன்னேன். தம்பி கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, “இல்லண்ணே, உள்ள படுத்திருக்காரு. யார் வந்தாலும் இல்லைன்னு சொல்லச் சொன்னாரே” என்றான். வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு முன்னாலேயே என் வலது கை அவன் இடது காதில் இறங்கிவிட்டது. குடும்ப மானத்துக்காக அடித்தது. ஒரே அடி. மூன்று நாள் காதிலிருந்து நீர் வடிந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டபோது அம்மா காய்ச்சல் என்றாள். பிறகு அப்பா சொன்னார், நான் சொன்னேன், கடைசியில் தம்பியே சொன்னான். நாற்பத்தெட்டு வருடத்தில் அந்தக் காய்ச்சலுக்கு வயதாகி, உறவினர் மத்தியில் நல்ல பெயரும் வந்துவிட்டது.

அன்று பிற்பகல் என்னை என் ஜன்னலருகே உட்கார வைத்தார்கள்.

“காய்ச்சல் வந்த அன்னிக்கு நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்களா சார்?”

“யாராவது தூக்கிப் போயிருப்பாங்க.”

“நீங்கன்னு வச்சுக்கலாமா?”

“...வச்சுக்கலாம்.”

“மழை பெஞ்சுதா?”

“நினைவில்லை.”

“பெஞ்சிருக்கலாம் இல்லையா?”

“பெய்திருக்கலாம்.”

“தோள்ல தம்பி. கொட்டற மழை. அப்போ தம்பி உங்ககிட்ட என்ன சொன்னார்?”

அடி விழுந்த பிறகு அவன் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அழாமல், காதைப் பொத்திக்கொண்டு, “இனிமே சொல்ல மாட்டேண்ணே” என்றான். அதை வாய்விட்டுச் சொன்னேனா, மனதுக்குள்ளேயே சொன்னேனா தெரியவில்லை. கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது.

“வந்திருச்சு!” என்று செய்தியாளர் கத்தினார். “தண்ணி வந்திருச்சு! யாரும் அசையாதீங்க! சார், துடைக்காதீங்க சார், அப்படியே தாடை வரைக்கும் விடுங்க!”

கேமராக்காரப் பெண் மட்டும் கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். அவர் அதட்டியதும் மறுபடி தூக்கினாள்.

கதை ஒளிபரப்பானது. பதினொரு நிமிடம். அதில் தம்பி பேசியது பத்தொன்பது விநாடி. கம்பியைத் தரையில் ஊன்றும் இடத்தில் வயலின். கசிவு சீற வேண்டிய இடத்தில் ஒரு நீர்வீழ்ச்சி. எந்த நாட்டு நீர்வீழ்ச்சியோ! எப்படிக் கேட்கிறான், எதைக் கேட்கிறான், எங்கே வட்டம் போடுகிறான், தோண்டினால் என்ன வந்தது என்பதற்கெல்லாம் நேரம் இல்லை. ஒரு சிறுவனைத் தோளில் சுமந்து ஒரு வாலிபன் மழையில் ஓடுவதற்கு மட்டும் மூன்று நிமிடம் இருந்தது. பிறகு என் முகம், அதில் இறங்கும் கண்ணீர். கீழே, ‘தம்பிக்குக் காதான அண்ணன்’ என்று எழுத்து. அந்தப் பதினொரு நிமிடத்தில் நிஜமானது அந்தக் கண்ணீர் ஒன்றுதான். அதற்குத்தான் தப்பான பெயர் போட்டிருந்தார்கள்.

பாராட்டுகள் குவிந்தன. பழைய அலுவலக நண்பர் தொலைபேசியில் விம்மினார். என் மனைவி மட்டும், “எந்த ஆஸ்பத்திரிக்குங்க தூக்கிட்டுப் போனீங்க? இத்தனை வருஷத்துல என்கிட்ட சொன்னதே இல்லையே?” என்றாள். மழையில் சரியாகத் தெரியவில்லை என்றேன்.

நான்காம் நாள் தம்பிக்கு வாரியத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒரு காது கேளாதவர் கசிவு கேட்கும் பணியில் இருப்பது தொலைக்காட்சி வாயிலாகத் தெரியவந்திருப்பதால், கம்பியை ஒப்படைத்துவிட்டு, மறு உத்தரவு வரும்வரை புகார்ப் பிரிவில் தொலைபேசி கேட்க வேண்டும். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிறது. இருபத்தொன்பது வருடத்தில் அவன் வட்டம் போட்டு வெறும் மண் வந்ததாக ஒரு குறிப்பும் இல்லை.

போய்ப் பார்த்தேன். சின்ன அறை. தொலைபேசியை வலது காதில் வைத்து, “ஆமாங்க... வருவாங்க... ஆமாங்க...” என்று சொல்லிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

“கால்ல நிக்காம உட்கார்ந்தே வேலைண்ணே. நல்லாத்தான் இருக்கு” என்றான்.

ஜன்னலுக்கு வெளியே சாலையில் யாரோ பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான்.

நான் மூன்றாம் மாடிக்குப் போனேன். திருத்தம் கோரும் படிவம் ஒன்று தந்தார்கள். ‘பெயர் எழுத்துப்பிழை’, ‘பதவி பிழை’, ‘புகைப்படம் பிழை’ என மூன்று கட்டங்கள். நான் திருத்த வேண்டியதற்குக் கட்டம் இல்லை. தலைவரிடம் நேரில் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை அந்த ஏழு சொற்களுக்கு எதிரே நின்று சொன்னேன்.

“அது காய்ச்சல் இல்ல. நான் அடிச்சது. தம்பி உண்மையைச் சொன்னதுக்காக அடிச்சேன். கேமராவைக் கொண்டுவாங்க, அப்படியே சொல்றேன். ஒரு காதை வச்சு அவன் எப்படி வேலை பார்க்கறான்ங்கறதையும் காட்டுங்க.”

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. சரக்கு காலம் கடந்து வந்த வியாபாரியின் வருத்தம் இருந்தது.

“நல்ல விஷயம்தான் சார். ஆனா முதல்லயே சொல்லியிருக்கணும். இப்ப காய்ச்சல் விருதுக்குப் போயிருக்கு.”

“அது பொய்.”

“பொய்னு சொல்லாதீங்க. அது போயிடுச்சு. போன கதையில உண்மையைச் சேர்த்தா பார்க்கறவங்க குழம்புவாங்க. ஜனங்க உங்களுக்காக அழுதிருக்காங்க சார். அடிச்ச அண்ணன்னு தெரிஞ்சா அந்த அழுகையை என்ன பண்ணுவாங்க? திருப்பி வாங்கிக்க முடியுமா? அவங்களுக்கு நாங்க பொறுப்பு இல்லையா?”

“என் தம்பிக்கு யார் பொறுப்பு?”

அவர் சிறிது யோசித்தார். முகம் மலர்ந்தது. “வேலை போனதை ஒரு தனிக் கதையா பண்ணலாம். புகார்ப் பிரிவுல ஜன்னல் இருக்கா?”

நான் வெளியே வந்தேன். மாடிப்படியில் கேமராக்காரப் பெண் நின்றிருந்தாள். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. அவள் கேட்டிருக்க வேண்டும்.

“ஐயா, படம் எடுத்த அன்னிக்குக் காலையில அவங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்தது ஒண்ணு இருக்கு. ஒன்றரை நிமிஷம். ‘இதுல ஒண்ணுமே நடக்கலை’ன்னு தூக்கிப் போட்டுட்டாங்க.” ஒரு சின்னப் பென்டிரைவை என் கையில் வைத்தாள். “சத்தத்தை நல்லாக் கூட்டி வச்சுப் பாருங்க.”

அதை நேராக வாரியப் பொறியாளரிடம் கொண்டுபோனேன், அவர் அறையில் போட்டோம். நானும் அப்போதுதான் பார்த்தேன். வயலின் இல்லை, யாரும் எதையும் விளக்கவில்லை. தம்பி கம்பியை ஊன்றுகிறான். கண்ணை மூடுகிறான். ஒரு பேருந்து வருகிறது. கம்பியை எடுக்காமல், அது போய் முடியும்வரை அப்படியே நிற்கிறான். கேமராவும் நிற்கிறது. கம்பியிலேயே ஒலிவாங்கியைக் கட்டியிருந்தாள் போலும். பேருந்துச் சத்தம் தேய்ந்து தேய்ந்து, அதற்கு அடியிலிருந்து மெல்லிய சீறல் ஒன்று எழும்பியது. தம்பி இரண்டடி தள்ளி ஊன்றுகிறான். சீறல் குறைகிறது. அரையடி திரும்பி வருகிறான். பாம்பு போலச் சீறுகிறது. குனிந்து வட்டம் போடுகிறான். அவ்வளவுதான். பொறியாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும்.

ஆனால் நான் வேறொன்றையும் பார்த்தேன். படத்தில் தம்பிக்கு இடது பக்கத்தில் ஒரு கிழவன் நிற்கிறான். முதுகை நிமிர்த்திக்கொண்டு, விரலை ஆட்டி ஆட்டி, ஒன்றரை நிமிடமும் பேசிக்கொண்டே இருக்கிறான். தம்பிக்கு ஒரு சொல்லும் விழவில்லை. வாழ்நாள் முழுக்க நான் அந்தப் பக்கத்தில் நின்றுதான் அவனுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். அவன் மௌனத்தை மரியாதை என்று நினைத்தேன்.

“இந்த இடத்துல மெஷினை வச்சு ரெண்டு நாள் தேடினோம்” என்றார் பொறியாளர். “அந்த வட்டத்துலதான் தோண்டினோம், உடைப்பு இருந்தது. காது எத்தனைன்னு இத்தனை வருஷமா நாங்க கேக்கலையே, டிவியைப் பார்த்துட்டு இப்ப ஏன் கேட்டோம்?” அவரே கையெழுத்திட்டு உத்தரவை ரத்து செய்தார். பிறகு, “நீங்கதானே மழையில தூக்கிட்டுப் போன அண்ணன்?” என்று மரியாதையோடு எழுந்து நின்றார்.

நான் உட்கார்ந்தே இருந்தேன்.

கம்பி கைக்கு வந்த மறுநாள் விடியலில் தம்பி வேலை பார்க்கும் தெருவுக்குப் போனேன். கம்பியை ஊன்றி, வலது காதைக் குமிழில் வைத்திருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். ஒத்திகை பார்த்துவந்த பேச்சு முழுவதையும் சொன்னேன். வந்தவர்கள் சிரித்தது, என் கை, அம்மா சொன்ன காய்ச்சல், நான் சேர்த்த மழை, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்ற சொல்லையும் சொன்னேன். அது என் வாயில் முதல் தடவையாக வந்தது.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. கம்பியைப் பெயர்த்து ஓரடி தள்ளி ஊன்றினான். பிறகுதான் என் நிழலைப் பார்த்துத் திரும்பினான்.

“எப்பண்ணே வந்தீங்க? ஏதாவது சொன்னீங்களா?” என்றான். “அந்தப் பக்கம் நின்னு சொன்னா எனக்கு எப்படிக் கேக்கும்? இப்படி வாங்க.”

நாலே அடி. அவனைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனேன். தயார் செய்த பேச்சு முழுவதும் இடது பக்கத்திலேயே தீர்ந்துபோயிருந்தது.

“அது காய்ச்சல் இல்லடா” என்றேன்.

அவன் சாக்கட்டியை எடுத்துக் குனிந்தான். வட்டத்தைப் போட்டு முடித்த பிறகுதான் பேசினான்.

“தெரியும்ணே. அன்னிக்கு மழையும் பெய்யலை.”